பேரலுக்குப் பொருந்தும் குண்டு: 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கும் 50 மீட்டர் .22-க்கும் டெல்டாவில் பெல்லட், தோட்டா தேர்வு செய்யும் முழு வழிகாட்டி

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் அபினவ் பிந்த்ரா எடுத்தது 700.5. வெள்ளி வென்ற சீன வீரர் எடுத்தது 699.7. வித்தியாசம் 0.8 புள்ளி. இந்த இலக்கில் 0.1 புள்ளி என்பது மையத்திலிருந்து கால் மில்லிமீட்டர். அப்படியானால் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்தது மொத்தம் 2 மி.மீ. ஏறத்தாழ ஒரு நெல்மணியின் அகலம்.

ஏர் ரைபிள் சுடும் சிறு ஈயக் குண்டுதான் பெல்லட். ஒரே ரைபிளில் பொருந்தும் பெல்லட்டுக்கும் பொருந்தாத பெல்லட்டுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இதைவிடப் பெரிது. அப்படியிருந்தும் திருச்சி, தஞ்சை, கும்பகோணம் பக்கம் புதிதாகச் சுட வருகிறவர்கள் ஜாக்கெட்டுக்கும் ஷூவுக்கும் செய்யும் செலவில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பெல்லட் சோதனைக்குச் செய்வதில்லை. பக்கத்து லேனில் இருப்பவர் எந்த டப்பா வைத்திருக்கிறாரோ அதையே வாங்குகிறார்கள். அவருடைய பேரல், அதாவது ரைபிளின் குழல், வேறு, உங்களுடைய பேரல் வேறு. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் அடுத்தடுத்த எண் உள்ள இரண்டு ரைபிள்கள்கூட ஒரே பெல்லட்டை விரும்பும் என்று சொல்ல முடியாது. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு உண்மையைச் சுற்றித்தான் நகர்கிறது.

தோட்டாவை நாமே தயாரிக்கலாமா?

வெளிநாட்டு வீடியோக்களில் மேசைமேல் பிரஸ் வைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டு பொருத்தித் தோட்டா தயாரிப்பதைப் பார்த்துவிட்டுப் பலரும் இதைக் கேட்கிறார்கள். நம்முடைய இரண்டு போட்டிகளுக்கும் அந்த வேலை பொருந்தாது. ஏர் ரைபிள் பெல்லட்டில் மருந்தே கிடையாது, தள்ளுவது காற்று. .22 (0.22 அங்குல) தோட்டாவில் பற்றவைக்கும் ரசாயனம் கேஸின், அதாவது பித்தளைக் கூட்டின், அடிவிளிம்புக்குள் பூசப்பட்டிருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கித்தான் வெடிக்க வைக்கிறது. ஒருமுறை நசுங்கிய விளிம்பை மறுபடி பயன்படுத்த முடியாது. இதற்கெல்லாம் மேலாக, 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம்.

ஆகவே நம் கையில் உள்ள திறமை தேர்ந்தெடுப்பது, சோதிப்பது, கெடாமல் காப்பது. மேசையில் பிரஸ் வைத்திருப்பவர் மில்லிகிராம் கணக்கில் தேடும் துல்லியத்தை நாம் டப்பாக்களுக்கு நடுவே தேடுகிறோம்.

சட்டத்தைப் பற்றி இன்னொரு வரி. 4.5 மி.மீ. துளையும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள்களின் ஆற்றல் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். இருந்தாலும் வாங்கிய பில்லின் நகலையும் கிளப் அட்டையையும் ரைபிள் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோகும்போது கேள்வி வந்தால் அவை பதில் சொல்லும். .22-க்கு உரிமம் கட்டாயம்.

முதலில் இலக்கின் கணக்கு

எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் சோதிக்க முடியாது. 10 மீட்டர் இலக்கில் பத்து என்பது 0.5 மி.மீ. விட்டமுள்ள ஒரு புள்ளி மட்டுமே. பெல்லட்டின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து. அதனால் பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. வரை விலகலாம். ஒரு ஷாட்டின் உச்சப் புள்ளியான 10.9 வேண்டுமென்றால் 0.25 மி.மீ.க்குள் விழ வேண்டும்.

நல்ல போட்டி ரைபிளைக் கிளாம்பில் கட்டி, பொருந்தும் பெல்லட்டால் பத்து ஷாட் சுட்டால், மிகத் தொலைவில் விழுந்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையே 1.5 முதல் 2.5 மி.மீ. வரை இருக்கும். 4 மி.மீ.யைத் தாண்டினால் அந்தப் பெல்லட் இந்த பேரலுக்கு ஆகாது. அதோடு போட்டிக்குப் போனால், நீங்கள் சரியாகச் சுட்ட ஷாட்டும் 10.1-ல் போய் உட்காரும். தவறு உங்களுடையதா பெல்லட்டுடையதா என்று தெரியாமல் கிரிப்பையும் நிற்கும் முறையையும் மாற்றத் தொடங்குவீர்கள். பொருந்தாத பெல்லட்டால் வரும் பெரிய நஷ்டம் அதுதான். புள்ளி போனால் அடுத்த போட்டியில் எடுக்கலாம். கெட்ட பழக்கம் படிந்தால் போக்க மாதங்கள் ஆகும்.

பெல்லட்டில் பார்க்க வேண்டியவை

போட்டிப் பெல்லட்டுக்குத் தட்டையான தலை, ஒடுங்கிய இடை, விரிந்த ஸ்கர்ட் என்று மூன்று பகுதிகள். தட்டைத் தலை காகிதத்தில் வட்டமான சுத்தத் துளை போடும், புள்ளி எண்ணுவதற்காகவே அந்த வடிவம். கூர்மூக்குப் பெல்லட் 10 மீட்டருக்கு வேண்டாம்.

எடையில் இரண்டு பிரிவுகள். ரைபிளுக்கு 0.53 கிராம் வட்டாரம், பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.50 கிராம். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜே.எஸ்.பி. மேட்ச் போன்றவை இரண்டு பிரிவிலும் கிடைக்கின்றன. அழுத்தக் காற்று ரைபிள் (சிலிண்டரில் காற்றை அடைத்துச் சுடுவது) வைத்திருப்பவர் 0.53-ல் தொடங்கலாம். ஆரம்ப நிலை ஸ்பிரிங் ரைபிளில் இலகுவானதையும் சேர்த்துச் சோதியுங்கள், சிலவற்றில் அதுவே நன்றாகப் போகும்.

தலை விட்டம்தான் முக்கியமான எண். டப்பாவின் ஸ்டிக்கரில் 4.49, 4.50, 4.51 என்று போட்டிருக்கும். நூறில் ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். தலை சிறிதாக இருந்தால் பேரலுக்குள் சுழன்று ஓடும் வரிகளை அது சரியாகப் பிடிக்காது, சற்றே சாய்ந்தபடி வெளியேறும். பெரிதாக இருந்தால் நுழையும்போதே ஈயம் சீவப்படும், உராய்வு ஷாட்டுக்கு ஷாட் மாறும், வேகமும் மாறும். ஒரு எச்சரிக்கை: ஒரு கம்பெனியின் 4.50 இன்னொரு கம்பெனியின் 4.50-க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், முடிவைக் காகிதத்தில் பாருங்கள்.

ஸ்கர்ட்டைப் பலரும் கவனிப்பதில்லை. பெல்லட் பேரலின் வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் கடைசியாகத் தொடர்பில் இருப்பது ஸ்கர்ட்டின் விளிம்பு. அதில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அந்தப் பக்கம் காற்று முதலில் பீறிட்டுப் பெல்லட்டைத் தள்ளிவிடும். காரணம் தெரியாமல் ஒன்று தனியே 9.4-ல் விழுவதற்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம்.

மாதிரி வாங்குவது

500 பெல்லட் உள்ள டப்பாவில் ஒன்றோடு சோதனையைத் தொடங்கி முடித்துவிடாதீர்கள். குறைந்தது இரண்டு கம்பெனிகள், ஒவ்வொன்றிலும் மூன்று தலை விட்டங்கள், ஆக ஆறு வகை வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 பெல்லட் போதும். ஒருவரே ஆறு டப்பா வாங்குவது வீண். கிளப்பில் ஆறு பேர் சேர்ந்து ஆளுக்கு ஒரு டப்பா வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். திருச்சி ரைபிள் கிளப்பில் 2022 ஜூலையில் 47-ஆவது மாநிலப் போட்டி நடந்தது. அப்படி ஒரு கிளப் பக்கத்தில் இருக்கும்போது பகிர்ந்துகொள்ள ஆள் கிடைப்பது கடினமில்லை.

பகிரும்போது பெல்லட்டைக் கவரில் கொட்டி எடுத்துவராதீர்கள். பஸ்ஸில் மன்னார்குடி போய்ச் சேர்வதற்குள் பாதி ஸ்கர்ட் நசுங்கிவிடும். பஞ்சு வைத்த சிறு டப்பாவில் அடுக்கி எடுத்துவாருங்கள். டப்பாவின் அடியில் உள்ள லாட் எண்ணை, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வாங்கும்போது அதே லாட்தான் வேண்டும்.

சோதனைக்கு முன் ரைபிளைத் தயார் செய்வது

1. ஸ்டாக் (ரைபிளின் கட்டை) ஸ்க்ரூ, குறிபார்க்கும் பின் சைட், முன் சைட் எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த சைட்டோடு செய்த சோதனை முழுவதும் குப்பைக்குத்தான்.

2. பேரலை ஃபெல்ட் துண்டுகளால் சுத்தம் செய்யுங்கள். மூன்று நான்கு துண்டுகள் போதும், கடைசித் துண்டு ஏறத்தாழ வெள்ளையாக வர வேண்டும். ஸ்பிரிங் ரைபிளில் ஃபெல்ட்டை மட்டும் வைத்துச் சுடக் கூடாது. எதிர்ப்பு இல்லாமல் பிஸ்டன் மோதி உடையும். அதில் கம்பியால் அல்லது நூலால் இழுத்துத்தான் துடைக்க வேண்டும்.

3. சிலிண்டரில் காற்று 200 பார் அளவுக்கு இருக்கட்டும். கைப்பம்பில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாக் காற்றில் ஈரம் மிகுதி, பம்ப் அந்த ஈரத்தையும் சேர்த்து அமுக்கிச் சிலிண்டருக்குள் தண்ணீராக விடும். உள்ளே துருவும், காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரில் கோளாறும் அதன் விளைவு. ஈர வடிகட்டி உள்ள பம்ப் வாங்குங்கள். 50 அடிக்கு ஒருமுறை நிறுத்தி, ஈரத்தை வெளியே விட்டு, பம்ப் ஆறியபின் தொடருங்கள். டயர் கடை கம்ப்ரஸர் உதவாது, அதில் அழுத்தமும் போதாது, எண்ணெய்ப் புகையும் கலந்திருக்கும். மருத்துவ ஆக்சிஜன், வெல்டிங் ஆக்சிஜன் எதையும் எந்தக் காரணத்துக்காகவும் நிரப்பக் கூடாது. எண்ணெய்ப் பசையோடு சேர்ந்தால் சிலிண்டர் வெடித்து ஆள் சாவார். சிலிண்டரில் பொறித்திருக்கும் காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

4. வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கிடைத்தால் பத்து ஷாட்டின் வேகத்தைக் குறியுங்கள். போட்டி ரைபிள் நொடிக்கு 170 மீட்டர் அளவில் போகும். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 3 மீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் பெல்லட்டைக் குறை சொல்லுமுன் ரெகுலேட்டரைப் பாருங்கள். 10 மீட்டரைக் கடப்பதற்குள் பெல்லட் சுமார் 18 மி.மீ. கீழே விழுகிறது. வேகத்தில் 3 மீட்டர் மாறினால் அந்த வீழ்ச்சி 0.6 மி.மீ. மாறும். கிளாம்பில் கட்டியிருந்தாலும் இரண்டு டெசிமலுக்கு (0.1 புள்ளி ஒரு டெசிமல்) மேல் போய்விடும்.

5. மின்விசிறிகளை நிறுத்துங்கள். நெல் குடோனையோ நீளமான கூடத்தையோ பயிற்சி லேனாக மாற்றியிருப்பவர்கள் சுடுபவர் பக்கத்தில் ஸ்டாண்ட் ஃபேன் வைப்பது வழக்கம். லேன் முழுக்க நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் குறுக்குக் காற்று வீசினால் பெல்லட் ஏறத்தாழ 3 மி.மீ. தள்ளிப்போகும். பத்திலிருந்து ஒன்பதுக்குத் தள்ள அது போதும்.

வீட்டு லேனில் இலக்கின் பின்னால் சாய்வான கனத்த இரும்புத் தகடு கொண்ட பெல்லட் டிராப் வேண்டும், அதற்கும் பின்னால் செங்கல் சுவர் வேண்டும். கீற்றும் ஆஸ்பெஸ்டாஸும் தடுப்பு ஆகாது. இலக்குப் பக்கம் கதவு இருந்தால் உள்தாழ்ப்பாள் போட்ட பிறகே ரைபிளைத் திறக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் யாரும் லேனில் நிற்கக் கூடாது.

சுடும் வரிசை

கிளாம்ப் இருக்கும் கிளப்பில் சோதித்தால் சிறப்பு. இல்லாவிட்டால் கனமான மேசைமேல் மணல் மூட்டை இரண்டு போதும். காவிரி மணலைச் சலித்து, காயவைத்து, ஜீன்ஸ் துணிப் பையில் முக்கால் பாகம் நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். நிரம்ப அடைத்தால் ரைபிள் ஆடும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்டாக்கின் அதே இடம் மூட்டையில் உட்கார வேண்டும், டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ரைபிளை மட்டும் கிளாம்பில் இறுக்கிக் கட்டாதீர்கள். உதைப்பு தடைபட்டு அது வேறு இடத்தில் சுடும். உள்ளங்கையில் தளர்வாக ஏந்தி, கையை மூட்டைமேல் வையுங்கள்.

முதலில் சுத்தம் செய்த பேரலில் 15 முதல் 20 ஷாட் கணக்கில்லாமல் போகட்டும். பிறகு வகை ஒன்றில் பத்து, வகை இரண்டில் பத்து என்று ஆறு வகையும் முடித்து, மறுபடி வகை ஒன்றுக்கு வாருங்கள். ஐந்து சுற்று. வகை மாறும்போதெல்லாம் இரண்டு ஷாட் வெளியே போகட்டும். மொத்தம் 360 ஷாட். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், இரண்டு காலைப் பொழுதுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகையின் ஐம்பதையும் ஒரேயடியாகச் சுட்டு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது எளிதாகத் தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். வெளிச்சம் மாறும், சிலிண்டர் அழுத்தம் இறங்கும், உங்கள் தோள் களைக்கும். கடைசியாக வந்த பெல்லட் அந்தப் பழியை எல்லாம் சுமக்கும்.

அளப்பது

எலக்ட்ரானிக் இலக்கு இருந்தால் ஒவ்வொரு ஷாட்டின் இடத்தையும் அதுவே எண்ணாகக் கொடுக்கும். காகிதம் என்றால் வெர்னியர் காலிப்பர் எடுங்கள். அதே காகிதத்தில் ஓரமாக ஒற்றை ஷாட் ஒன்று போட்டு அந்தத் துளையை அளந்துவையுங்கள். குரூப்பின், அதாவது ஒன்றாக விழுந்த துளைக் கூட்டத்தின், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை அளந்து, ஒற்றைத் துளையின் அளவைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும். 4.5 என்று கண்ணைமூடிக் கழிக்க வேண்டாம். காகிதத் துளை பெரும்பாலும் பெல்லட்டைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும்.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். அதே பேரல், அதே பெல்லட், ஐந்து ஷாட் குரூப் ஒன்று 1.5 மி.மீ. வரும், அடுத்தது 2.3 வரும். இது இயல்பான சிதறல், எதுவும் மாறிவிடவில்லை. அந்த 1.5-ஐப் படம்பிடித்து வாட்ஸாப்பில் போட்டு அந்த டப்பாவையே வாங்கிவிடுவது தேர்வு ஆகாது. இன்னொன்று, ஷாட்டின் எண்ணிக்கை கூடக்கூடக் குரூப் பெரிதாகும். ஒரே தரமுள்ள பெல்லட்டில் பத்து ஷாட் குரூப் சராசரியாக ஐந்து ஷாட் குரூப்பைவிட நான்கில் ஒரு பங்கு பெரிதாக வரும். ஒருவர் ஐந்தில் எடுத்ததையும் நீங்கள் பத்தில் எடுத்ததையும் ஒப்பிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் வகை ஐந்து குரூப்களில் 1.9, 2.4, 1.7, 2.1, 2.2 தருகிறது. இரண்டாவது வகை 1.6, 3.0, 2.2, 3.1, 2.4 தருகிறது. எல்லாவற்றிலும் சிறிய குரூப் இரண்டாவது வகையுடையது. ஆனால் சராசரி முதலாவதில் 2.06, இரண்டாவதில் 2.46. முதல் வகையைத்தான் எடுக்க வேண்டும். அதன் மோசமான குரூப்கூட 2.4-ஐத் தாண்டவில்லை, போட்டியில் 60 ஷாட்டுக்கும் துணை நிற்பது அந்த ஒழுங்குதான். இரண்டு வகைகளின் சராசரிக்கு நடுவே 15 விழுக்காட்டுக்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் இரண்டும் சமம் என்று வைத்துக்கொண்டு, எது எளிதாகத் தொடர்ந்து கிடைக்குமோ அதை எடுங்கள்.

முடிவு தெரிந்த வாரமே அதே லாட்டில் ஒரு சீசனுக்கு வேண்டியதை வாங்கிவிடுங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 80 ஷாட் என்றால் ஆறு மாதத்துக்குச் சுமார் 6,250. பதிமூன்று டப்பா. சரியாகச் சோதித்த லாட் கடையில் தீர்ந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எடை பிரிப்பதில் பலன் உண்டா?

நகைக்கடையில் உள்ளதுபோல் 0.001 கிராம் காட்டும் தராசு வாங்கி ஒவ்வொரு பெல்லட்டையும் நிறுப்பவர்கள் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை 1 விழுக்காடு, அதாவது 5 மில்லிகிராம் கூடினால் வேகம் அரை விழுக்காடு குறையும். வீழ்ச்சி 1 விழுக்காடு கூடும். 18 மி.மீ.யில் அது 0.18 மி.மீ. ஒரு டெசிமலுக்கும் குறைவு. நல்ல போட்டிப் பெல்லட் டப்பாவில் பெரும்பாலானவை அந்த 5 மில்லிகிராமுக்குள்ளேயே அடங்கும். அந்த நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம்.

அந்த வேலை கண்ணால் பார்ப்பது. வெள்ளைத் துணியில் ஐம்பது ஐம்பதாகக் கொட்டாமல் எடுத்துவைத்து, ஒவ்வொன்றின் ஸ்கர்ட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டம் கெட்டது, ஓரத்தில் ஈயப் பிசிறு ஒட்டியது, தலையில் பள்ளம் விழுந்தது எல்லாம் தனி டப்பாவுக்குப் போகட்டும். சந்தேகம் இருந்தால் கண்ணாடித் தகட்டில் மெல்ல உருட்டுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் வெவ்வேறு அளவு என்பதால் நல்ல பெல்லட் சீரான வளைவில் சுற்றும், கெட்டது தத்தும். ஒதுக்கியவை வார்ம்-அப் ஷாட்டுக்கு உதவும். இப்படிப் பத்து நிமிடம் செலவழிப்பது ஒரு மணி நேரம் நிறுப்பதைவிட அதிகம் தரும்.

கழுவி எண்ணெய் பூசுவது தேவையா என்றும் கேட்பார்கள். போட்டிப் பெல்லட் தொழிற்சாலையிலிருந்தே மெல்லிய பூச்சோடு வருகிறது, தொடாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவினால் ஸ்பிரிங் ரைபிளுக்குள் அமுங்கிய சூடான காற்றில் அது பற்றி எரிந்து, வேகம் தாறுமாறாகும், சீலும் கருகும்.

குரூப் சொல்லும் கோளாறு

மேலும் கீழுமாக நீளும் குரூப்: வேகம் மாறுகிறது. ரெகுலேட்டர், சிலிண்டர் அழுத்தம், தேய்ந்த சீல் என்று வரிசையாகப் பாருங்கள். நீண்ட இடைவேளைக்குப் பிறகான முதல் ஷாட் மட்டும் மேலே போனால் ரெகுலேட்டரில் அழுத்தம் மெதுவாக ஏறுகிறது, சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும்.

இடவலமாக நீண்டால் காற்று, அல்லது ட்ரிகரைப் பக்கவாட்டில் இழுக்கும் விரல். கிளாம்பிலும் அதே நீட்சி வந்தால் சைட்டின் பக்கத் திருகில் ஆட்டம் இருக்கும்.

இரண்டு தனித்தனிக் குரூப்களாகப் பிரிந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளில் உட்காருகிறது. பேரல் பிடிப்பு, சைட் ரெயில், கண்ணாடி லென்ஸ் ஹோல்டர் மூன்றையும் அசைத்துப் பாருங்கள்.

நன்றாக இருந்த குரூப் ஒரு சில நூறு ஷாட்டுக்குப் பிறகு மெல்ல விரிந்தால் பேரலில் ஈயம் படிந்திருக்கிறது. சுத்தம் செய்தபின் திரும்பச் சுருங்கினால் அந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்து, அதற்கு முன்பே சுத்தம் செய்யும் பழக்கத்துக்கு வாருங்கள்.

எட்டு ஷாட் ஒட்டியும் இரண்டு எங்கோவும் விழுந்தால் பெல்லட்டை வைக்கும் கை காரணமாக இருக்கலாம். தலை முன்னால், நேராக, ஒரே அழுத்தத்தில். கட்டைவிரலால் அவசரமாகத் திணித்தால் ஸ்கர்ட் ஒருபக்கம் மடங்கும்.

50 மீட்டர் .22: லாட்தான் எல்லாம்

இங்கே பத்து வளையம் 10.4 மி.மீ., குண்டு 5.6 மி.மீ. மையம் 8 மி.மீ. வரை விலகலாம். டெசிமல் ஒன்றுக்கு 0.8 மி.மீ. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் குண்டு 50 மீட்டரைக் கடப்பதற்குள் சுமார் 125 மி.மீ. விழுகிறது. வேகத்தில் நொடிக்கு 10 மீட்டர் மாறினால் செங்குத்தாக 7 மி.மீ.க்குமேல் மாறும். மலிவுத் தோட்டாவில் அந்த அளவு மாறுதல் சர்வ சாதாரணம். விலை கூடிய தோட்டாவில் நாம் வாங்குவது பெரும்பாலும் இந்த வேகச் சீர்மையைத்தான்.

எப்போதும் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி, அதாவது நொடிக்கு 325 முதல் 330 மீட்டர். நம் ஊர் 30 டிகிரியில் ஒலியின் வேகம் 349 மீட்டர். அதற்குக் கீழேயே தொடங்கி முடிவதால் குண்டு அமைதியாகப் போகும். ஹை வெலாசிட்டி ஒலியைத் தாண்டிப் புறப்பட்டு வழியில் அதற்குக் கீழே இறங்குகிறது, அந்த இடத்தில் தடுமாறும். காற்றிலும் அதிகமாகத் தள்ளப்படும்.

ஈலி டெனெக்ஸ், லாப்புவா மிடாஸ், ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்50, எஸ்.கே. போன்ற பெயர்களுக்குள் சண்டை போடுவதைவிட, பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணைப் பாருங்கள். ஒரே பெயரின் இரண்டு லாட்கள் உங்கள் பேரலில் இரண்டு வேறு தோட்டாக்கள்போல நடந்துகொள்ளும். ஈலியின் பெட்டியில் அந்த லாட்டின் வேகமும் அச்சாகியிருக்கும். உங்கள் பேரலில் நன்றாகப் போன லாட்டின் வேகத்தைக் குறித்துவைத்தால் அடுத்த தடவை தேட ஒரு தொடக்கம் கிடைக்கும்.

சோதனை முறை பெல்லட்டுக்குச் சொன்னதுதான், ஒரு வித்தியாசத்தோடு. .22 குண்டின்மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். ஒவ்வொரு கம்பெனியின் பூச்சும் வேறு. முந்தைய பூச்சு பேரலில் இருக்கும்போது புதியதைச் சுட்டால் முதல் இருபது முப்பது ஷாட் சிதறும். எனவே கம்பெனி மாறும்போது ஒரு பெட்டியில் பாதியைத் தியாகம் செய்யத் தயாராக இருங்கள். ஒரே கம்பெனியின் லாட்களை மட்டும் சுற்றுமுறையில் மாற்றி மாற்றிச் சுடலாம்.

காற்றுதான் டெல்டாவின் பெரிய தலைவலி. நொடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்று .22-ஐ 50 மீட்டரில் சுமார் 7 மி.மீ. தள்ளும். ஆடியில் மேற்கிலிருந்து வரும் காற்று பகல் முழுக்க நிற்காது, அந்த மாதம் திறந்தவெளியில் லாட் சோதனை செய்து பயனில்லை. தை, மாசி விடியற்காலை ஆறு முதல் எட்டு மணிவரை சிறந்த நேரம், பனி மட்டும் விலகியிருக்க வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கம் பகலில் கடல்காற்று ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். 10, 25, 40 மீட்டரில் மெல்லிய ரிப்பன் கட்டிய குச்சிகள் நட்டு, மூன்றும் தொங்கும்போது மட்டும் சுடுங்கள்.

சித்திரை வெயிலில் தோட்டாவைக் காரில் விடாதீர்கள். மெழுகு இளகி ஒருபக்கம் வழியும். லேனில் பெட்டியை நிழலில் வையுங்கள். சூடேறிய சேம்பரில் (பேரலில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டாவை ஏற்றிவைத்துக்கொண்டு காற்றுக்காகக் காத்திருக்காதீர்கள், இறக்கிவிட்டுக் காத்திருங்கள். ட்ரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால் பேரலை இலக்கை நோக்கியே வைத்து முழுதாக 30 நொடி எண்ணி, பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். சத்தம் வழக்கத்தைவிடக் குறைந்து கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள் சிக்கியிருக்கலாம். போல்ட்டைத் திறந்து, தோட்டாவை அகற்றி, ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லி, கம்பிவிட்டுப் பார்த்தபிறகு தொடருங்கள்.

அடைமழையில் காப்பது

காற்றில் ஈரம் கூடினால் குண்டு வேறு இடத்தில் விழும் என்ற பயம் தேவையில்லை. இந்தத் தூரங்களில் அதன் விளைவு அளக்க முடியாத அளவுக்குச் சிறிது. ஈரம் கெடுப்பது டப்பாவுக்குள் இருக்கும் ஈயத்தை. வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தோடு அமில ஆவி சேரும்போது ஈயம் அப்படி அரிக்கப்படுகிறது. மர அலமாரியும் பிளைவுட்டும் அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருக்கும், வினிகர் பாட்டில் இருக்கும் சமையலறை அலமாரி இன்னும் மோசம். இரும்பு பீரோ நல்லது. டப்பாவின் மூடி விளிம்பில் டேப் சுற்றி, ரப்பர் வளையமுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல்லாக இருந்தால் எப்போது காயவைக்க வேண்டும் என்று தெரியும். வெள்ளை பூத்ததைக் கழுவிச் சுட முயலாதீர்கள். அந்தப் பொடி விஷம், ஸ்கர்ட்டும் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கும்.

மழைக்காலம் முடிந்ததும் வைத்திருக்கும் லாட்டிலிருந்து இருபது எடுத்து இரண்டு குரூப் சுட்டுப் பழைய சராசரியோடு ஒப்பிடுங்கள். மாறவில்லை என்றால் போட்டிக்கு எடுத்துச் செல்லலாம்.

ஈயத்தைக் கையாளுவதில் அலட்சியம் வேண்டாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ கிளாஸைக்கூடத் தொடாதீர்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலரிடம் உண்டு, பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்கிறார்கள். உடனே நிறுத்த வேண்டும். லேனைத் துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத் தூள் காற்றில் எழும், ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். டிராப்பில் சேரும் ஈயத்தை மூடியுள்ள டின்னில் சேர்த்துவைத்துக் கிளப் வழியாக, பழைய பேட்டரி ஈயம் எடுக்கும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுங்கள். வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாம் என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டாம். வீட்டு அடுப்பில் ஈயம் உருகும்போது எழும் புகை முதலில் போய்ச் சேர்வது அந்த அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம்.